அமெரிக்காவில் நிலம் மேம்படுத்துவோருக்கான மழைநீர் விதிகள்: முதன்முறை விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீரின் அளவு 3,630 கன அடி, அதாவது ஏறத்தாழ 27,000 காலன். அந்த நிலம் புல்வெளியாகவோ காடாகவோ இருக்கும் வரை அந்த நீரின் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியும், வேர்களால் உறிஞ்சப்பட்டும், இலைகளில் தங்கி ஆவியாகியும் போய்விடுவதால், எல்லையைத் தாண்டி ஓடுவது சொற்பமே. அதே நிலத்தில் கூரையும் தார்த்தளமும் வந்துவிட்டால், அந்த நீரில் ஏறத்தாழ முழுவதும் முன்பைவிட வேகமாக, வழியிலுள்ள எண்ணெயையும் உரத்தையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு, அண்டை நிலத்துக்கோ ஓடைக்கோ நகரின் வடிகாலுக்கோ போய்ச் சேரும். அமெரிக்காவின் நகரங்களும் மாவட்டம் போன்ற கவுண்டிகளும் நில மேம்பாட்டுக்கு விதிக்கும் மழைநீர் நிபந்தனைகள் அனைத்தும் இந்த மாற்றத்தைக் குறித்தவையே: எவ்வளவு நீர் வெளியேறுகிறது, எவ்வளவு வேகமாக, எவ்வளவு அழுக்குடன்.

முதன்முறையாக ஒரு சிறு வணிகக் கட்டடத்தையோ சில வீடுகளையோ கட்ட முனைவோரையும், அத்தகைய திட்டங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தோரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. எண்கள் ஊருக்கு ஊர் மாறும். வேலையின் வரிசை அவ்வளவாக மாறாது. அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதுதான் புதியவர்களின் முதல் தவறு. கட்டடம், வாகன நிறுத்துமிடம், நுழைவுச் சாலை ஆகிய எல்லாவற்றையும் வரைந்து முடித்தபின், மீதமிருக்கும் மூலையில் மழைநீரைத் தேக்க ஒரு குட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்த மூலை பெரும்பாலும் மேட்டில் அமைந்துவிடுகிறது. நீரோ பள்ளத்தை நோக்கித்தான் போகும்.

விதி எங்கிருந்து வருகிறது

நகராட்சி அலுவலர் தன் விருப்பப்படி தொல்லை தருகிறார் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அந்த அலுவலரின் கையையும் ஒரு பெர்மிட் கட்டியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பேச்சுவார்த்தை எளிதாகும். 1972-இல் இயற்றப்பட்ட தூய நீர்ச் சட்டம், ஆலைக் குழாய்கள் போன்ற திட்டவட்டமான இடங்களிலிருந்து நீர்நிலைகளில் கழிவு கலப்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்றது. 1987-இல் செய்யப்பட்ட திருத்தம் நகரங்களின் மழைநீர் வடிகால்களையும் அந்த அனுமதி முறைக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. அதன்படி மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990-இல் வெளியிட்ட முதற்கட்ட விதிகள் ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட இடங்களின் வடிகால் அமைப்புகளையும், 5 ஏக்கருக்குக் குறையாத கட்டுமானங்களையும் கட்டுப்படுத்தின. 1999-இல் வந்த இரண்டாம் கட்ட விதிகள் நகர்ப்புறத்தைச் சேர்ந்த சிறிய ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, கட்டுமானத்துக்கான எல்லையை 1 ஏக்கராகக் குறைத்தன.

இதன் நடைமுறை விளைவு என்னவென்றால், தன் வடிகாலிலிருந்து ஆற்றில் நீர் விடுவதற்கு உங்கள் ஊரே அனுமதி பெற்றிருக்கிறது. கட்டுமான இடங்களிலிருந்து மண் வழிந்தோடுவதைக் கட்டுப்படுத்துவதும், கட்டி முடித்த பிறகும் அந்த இடங்களின் மழைநீரைக் கண்காணிப்பதும் அந்த அனுமதியின் கட்டாய நிபந்தனைகள். ஊர்மன்றம் இயற்றும் மழைநீர் உள்ளூர்ச் சட்டம் அந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் கருவி. ஆகவே ஒரே திட்டத்துக்கு இரண்டு அனுமதிகள் தேவைப்படலாம்: ஒன்று ஊரிடமிருந்து, மற்றொன்று மாநிலத்தின் பொதுக் கட்டுமான அனுமதியின் கீழ். பெரும்பாலான மாநிலங்களில் இந்த இரண்டாவதை மாநிலச் சுற்றுச்சூழல் துறையே வழங்குகிறது. அதற்கென்று நீங்கள் ஒரு முன்னறிவிப்பைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஊர் அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி இதை மறந்துவிடுவோர் உண்டு.

முதற் படி: உங்கள் திட்டம் விதிக்குள் வருகிறதா?

ஒரு ஏக்கர் என்பது மத்திய விதியின் எல்லை மட்டுமே. உள்ளூர் எல்லை அதைவிடச் சிறியதாக இருக்கலாம். மேரிலாந்து மாநிலத்திலும் வாஷிங்டன் டி.சி.யிலும் 5,000 சதுர அடி நிலம் கிளறப்பட்டாலே பொதுவாக விதி பொருந்தத் தொடங்குகிறது. பிலடெல்பியாவில் பொது எல்லை 15,000 சதுர அடி. எனவே முதலில் உங்கள் ஊரின் சட்டத்தொகுப்பைத் திறந்து, அதில் எல்லை எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்று பாருங்கள். சில ஊர்கள் கிளறப்படும் நிலத்தை அளக்கின்றன. சில, புதிதாகச் சேரும் நீர் இறங்காப் பரப்பை, அதாவது கூரை, தார், கான்கிரீட் போன்றவற்றை அளக்கின்றன. சில இரண்டையும் அளக்கின்றன. இறுகிய ஜல்லித் தளத்தை நீர் இறங்கும் பரப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாகனம் ஓடும் ஜல்லித் தளத்தைப் பல ஊர்கள் நீர் இறங்காப் பரப்பாகவே கணக்கிடுகின்றன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் மனை கால் ஏக்கராகவே இருந்தாலும், அது ஒருவரே திட்டமிட்டுப் பிரித்து விற்கும் பெரிய மனைப்பிரிவின் பகுதியாக இருந்தால், மொத்தத் திட்டத்தின் பரப்பே மத்திய விதிக்குக் கணக்கு. ஐந்து மனைகளை ஐந்து தனி விண்ணப்பங்களாகப் போட்டுத் தப்பிக்க முடியாது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டுவது மறுமேம்பாடு என்ற தனித் தலைப்பின் கீழ் வரலாம். அதற்குரிய நிபந்தனைகள் பல இடங்களில் தளர்வானவை என்பதால் அந்தப் பிரிவைத் தவறாமல் படியுங்கள்.

இரண்டாம் படி: நீர் இப்போது எங்கே போகிறது?

நில அளவையரிடமிருந்து சமவுயரக் கோடுகள் கொண்ட வரைபடத்தைப் பெற்றபின், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பாருங்கள். கூடுமானால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே நடந்து பாருங்கள். மேலேயுள்ள அயலார் நிலத்திலிருந்து உங்கள் நிலத்துக்குள் நீர் வருகிறதா, வந்தால் எந்த இடத்தில், உங்கள் நிலத்தை விட்டு அது எத்தனை இடங்களில் வெளியேறுகிறது, வெளியேறும்போது பரந்து போகிறதா அல்லது வாய்க்காலாகத் திரண்டு போகிறதா என்பவற்றை வரைபடத்தில் குறியுங்கள். கணினியில் வரையப்பட்ட கோடுகளில் ஒரு பழைய மதகோ உடைந்த குழாயோ தெரியாமல் போகலாம். காலில் சேறு ஒட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்து மண். மத்திய வேளாண் துறையின் இணைய மண் வரைபடத்தில் உங்கள் நிலத்தின் மண் ஏ, பி, சி, டி என்ற நான்கு நீரியல் வகைகளில் எதைச் சேர்ந்தது என்பது இலவசமாகக் கிடைக்கும். ஏ என்பது நீர் எளிதில் இறங்கும் மணற்பாங்கான மண். டி என்பது நீரை ஏறத்தாழ மறுத்துவிடும் களிமண். அந்த வரைபடம் தொடக்கத்துக்கு மட்டுமே. நீரை மண்ணுக்குள் இறக்கப் போகிறீர்கள் என்றால், இறக்கப்போகும் அதே இடத்தில், அதே ஆழத்தில் குழி தோண்டி ஊடுருவல் சோதனை செய்ய வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் ஈரமான பருவத்தில் எவ்வளவு உயர்கிறது என்பதற்கான சான்றும் வேண்டும். வெள்ள அபாய வரைபடத்தையும், சதுப்பு நிலங்கள் உள்ளனவா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். சதுப்பு நிலத்தில் மண் கொட்டுவதற்கு ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் அனுமதி தேவைப்படலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

மூன்றாம் படி: விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம்

பெரும்பாலான ஊர்கள் இதற்கு வாய்ப்பளிக்கின்றன. சில கட்டாயமாக்கியும் உள்ளன. முழு வரைபடம் வேண்டியதில்லை, ஒரு கைவரைவு போதும். கேட்க வேண்டியவை முக்கியமாக மூன்று: மேம்பாட்டுக்கு முந்தைய நிலை என்று எதை எடுத்துக்கொள்கிறீர்கள், எந்தெந்த மழைகளுக்குக் கணக்கிட வேண்டும், கீழ்நோக்கி எவ்வளவு தூரம் வரை ஆராய வேண்டும். இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே பொறியாளரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கணக்கு

அனுமதி கிடைப்பதும் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்தப் படியில் தீர்மானமாவதால், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பொறியாளர்தான் கணக்குப் போடுவார். ஆனால் அது எதைச் சொல்கிறது என்பது நிலத்தின் உரிமையாளருக்கும் விளங்க வேண்டும்.

பெரும்பாலான உள்ளூர்ச் சட்டங்களின் அடிப்படை நிபந்தனை, மேம்பாட்டுக்குப் பின் வெளியேறும் உச்ச ஓட்டம், அதாவது மழையின்போது ஒரு நொடியில் வெளியேறும் நீரின் அதிகபட்ச அளவு, மேம்பாட்டுக்கு முந்தைய உச்ச ஓட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது. சிறிய இடங்களுக்கு இதைக் கணிக்க 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் ஒரு எளிய சூத்திரம் உண்டு: விழும் மழையில் எவ்வளவு பங்கு வழிந்தோடுகிறது என்பதைக் காட்டும் ஓட்டக் கெழு, மணிக்கு எத்தனை அங்குலம் என்ற மழைச் செறிவு, ஏக்கரில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கன அடி என்று விடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 2 ஏக்கர் புல்வெளியின் கெழு 0.25 என்றும் மழைச் செறிவு 4 அங்குலம் என்றும் கொண்டால், ஓட்டம் நொடிக்கு 2 கன அடி. அதே நிலத்தை ஏறத்தாழ முழுவதும் தார்த்தளமாக்கிக் கெழு 0.9 ஆனால், புதியவர் 0.9-ஐ 4-ஆலும் 2-ஆலும் பெருக்கி 7.2 என்று எழுதுவார். அது தவறு. தார்த்தளத்தில் நீர் விரைந்து திரள்வதால், நிலத்தின் கடைக்கோடியிலிருந்து வெளியேறும் இடத்துக்கு வரும் நேரம் குறைகிறது. குறுகிய நேர மழையின் செறிவு எப்போதும் அதிகம். அந்தச் செறிவு 6 அங்குலம் என்றால் ஓட்டம் 10.8 கன அடி, அதாவது முன்பைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். பரிசீலிக்கும் பொறியாளர் முதலில் தேடுவது இந்தப் பிழையைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

எந்த மழைக்குக் கணக்கிடுவது என்பதில் 2 ஆண்டு, 10 ஆண்டு, 100 ஆண்டு மழை என்ற சொற்களைச் சந்திப்பீர்கள். 100 ஆண்டு மழை என்றால் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் மழை என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அத்தகைய மழை ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. அந்தந்த இடத்துக்கு மழை அளவு எவ்வளவு என்பது பெரும்பாலான மாநிலங்களில் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் 14-ஆம் மழை அட்டவணைத் தொகுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பழைய அலுவலகக் கோப்பில் கிடந்த அட்டவணையை எடுத்துப் பயன்படுத்தினால் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.

ஆலோசனைக் கூட்டத்தில் முதலாவதாகக் கேட்கச் சொன்ன கேள்வி இங்கே பயன்படும். இன்று அந்த நிலத்தில் பழைய தார்த்தளம் கிடந்தாலும், அதைப் புல்வெளி என்றோ காடு என்றோ வைத்துக்கொண்டு முந்தைய நிலையைக் கணக்கிட வேண்டும் என்று சில ஊர்கள் கேட்கும். அந்த ஒரு வரியால் உங்கள் குட்டையின் அளவு பெருமளவு மாறிவிடும்.

உச்ச ஓட்டத்துக்கு அடுத்தது நீரின் தூய்மை. தளத்தின் மேல் படிந்திருக்கும் அழுக்கின் பெரும்பகுதியைச் சிறு மழைகளும் பெருமழையின் தொடக்கப் பகுதியுமே கழுவிச் செல்வதால், சட்டங்கள் முதல் ஓர் அங்குலம் அல்லது அதையொட்டிய அளவு மழையைத் தேக்கவோ வடிகட்டவோ சொல்கின்றன. வாஷிங்டன் டி.சி.யில் பொதுவாக இது 1.2 அங்குலம், பிலடெல்பியாவில் 1.5 அங்குலம். இதற்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. நிலத்தில் நீர் இறங்காப் பரப்பு எத்தனை விழுக்காடோ அதை 0.009-ஆல் பெருக்கி 0.05-ஐக் கூட்டுங்கள், 70 விழுக்காடு என்றால் 0.68 வரும். அதை மழை அளவாலும் பரப்பாலும் பெருக்கி 12-ஆல் வகுத்தால் ஏக்கர்-அடியில் கொள்ளளவு கிடைக்கும் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி, அதாவது 43,560 கன அடி). 2 ஏக்கருக்கும் 1 அங்குல மழைக்கும் இது ஏறத்தாழ 4,940 கன அடி. கட்டடத்தை வரையும் முன் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால், நிலத்தில் எவ்வளவு இடத்தை நீருக்கு விட வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

கடைசியாக, கீழ்நிலம். குட்டையில் நீரைத் தேக்கி மெல்ல விட்டால் யாருக்கும் தீங்கில்லை என்று தோன்றும். ஆனால் மேல்நிலங்களிலிருந்து ஓடையில் வரும் வெள்ளம் உச்சத்தை எட்டும் அதே நேரத்தில் உங்கள் குட்டையின் நீரும் போய்ச் சேர்ந்தால், தேக்காமல் முன்கூட்டியே விட்டிருந்தால் வந்திருப்பதைவிடக் கூடுதலான வெள்ளம் கீழே வரலாம். பெரிய திட்டங்களில் சில தூரம் வரை கீழ்நோக்கி ஆராயும்படி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதேபோல், பரந்து போய்க்கொண்டிருந்த நீரை ஒரு குழாயில் திரட்டி அண்டை வீட்டாரின் எல்லையில் கொட்டினால், உச்ச ஓட்டம் கூடாவிட்டாலும் வழக்கு வரலாம்; ஊர் தந்த அனுமதி அந்த வழக்கிலிருந்து உங்களைக் காக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அப்படிக் கொட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அவரிடமிருந்து வழியுரிமையை எழுத்தில் பெற்றுப் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: நீருக்கு இடம் ஒதுக்குதல்

இப்போதுதான் கட்டடத்தை வரைய வேண்டும். முதலில் நீர் இறங்காப் பரப்பைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்: குறுகிய சாலை, தேவைக்கு மேல் இல்லாத வாகன நிறுத்தம், வெட்டாமல் விட்ட மரக்கூட்டம். குட்டையைப் பெரிதாக்குவதைவிட இது மலிவு. அடுத்து, நல்ல மண் உள்ள இடத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டுக் களிமண்ணை ஊடுருவலுக்கு ஒதுக்காதீர்கள். வாகன நிறுத்தத்தை எந்த மண்ணின் மேலும் போடலாம்.

நீரைக் கையாளும் அமைப்புகள் பல. நீரைச் சில மணி நேரம் பிடித்து வைத்துவிட்டு வற்றிவிடும் உலர் குட்டை உச்ச ஓட்டத்தைக் குறைக்கும், அழுக்கை அதிகம் நீக்காது. எப்போதும் நீர் நிற்கும் குட்டை வண்டலைப் படிய வைக்கும், ஆனால் இடம் அதிகம் கேட்கும். மணற்கலவையின் மேல் செடி நட்ட வடிகட்டும் படுகைகள், 1990-களின் தொடக்கத்தில் மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் உருவாகிப் பரவியவை. வாகன நிறுத்தத்தின் நடுத்திட்டுகளிலேயே அடங்கிவிடுவதால் சிறிய இடங்களுக்கு ஏற்றவை. தளத்துக்கு அடியில் புதைக்கும் தொட்டிகள் நிலத்தை மிச்சப்படுத்தும். பணத்தையும் பராமரிப்பையும் கேட்கும். எதைத் தேர்ந்தாலும், தேங்கிய நீர் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது பல கையேடுகளின் நிபந்தனை. கொசுவும் ஒரு காரணம், அடுத்த மழைக்கு இடம் வேண்டும் என்பது மற்றொன்று. எரிபொருள் நிலையம், மாசுபட்ட மண், சுண்ணாம்புக் குகைகள் உள்ள நிலம் ஆகியவற்றில் நீரை மண்ணுக்குள் இறக்கத் தடை இருக்கலாம். ஒவ்வொரு அமைப்புக்கும், கணக்கை மீறிய மழை வந்தால் நீர் கட்டடத்தைத் தொடாமல் வெளியேற ஓர் அவசர வழி வரைபடத்தில் காட்டப்பட வேண்டும்.

ஆறாம் படி: வேலை நடக்கும்போது

புல் நீக்கிய வெற்று நிலம் ஒரே மழையில் இழக்கும் மண், கட்டி முடித்த கட்டடம் ஆண்டுக்கணக்கில் அனுப்பும் அழுக்கைவிட அதிகமாக இருக்கலாம். ஆகவே மண் அரிப்பு மற்றும் வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டம் தனியாகக் கேட்கப்படும். மண்ணை வெட்டத் தொடங்கும் முன்பே வண்டல் தடுப்புத் திரை நிற்க வேண்டும். அது சமவுயரக் கோட்டை ஒட்டிப் போக வேண்டும், அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். மண்ணில் செருகாமல் வெறுமனே தொங்கவிட்ட திரையின் அடியில் நீர் புகுந்து போய்விடும். ஓடைக்குக் குறுக்கே கட்டிய திரையை முதல் மழையே தள்ளிவிடும். வாகனங்கள் வெளியேறும் இடத்தில் பெருஞ்ஜல்லிப் பாதை, வடிகால் வாய்களைச் சுற்றிப் பாதுகாப்பு, கான்கிரீட் வண்டிகளைக் கழுவ ஒரு தனிக்குழி ஆகியவையும் வேண்டும்.

மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பொதுக் கட்டுமான அனுமதியின்படி, வாரம் ஒருமுறை ஆய்வு செய்யலாம், அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறையும் கால் அங்குலம் மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் ஆய்வு செய்யலாம். மாநில அனுமதிகள் இதில் வேறுபடலாம். ஒரு மழைமானியை வாங்கி வேலையிடத்தில் வைத்து, ஆய்வுப் பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதிய பதிவேட்டை எந்த ஆய்வாளரும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். வேலை நின்றுபோன வெற்று நிலத்தை வைக்கோலோ விதையோ போட்டு மூட வேண்டும் என்ற கெடுவையும் கவனியுங்கள். நிதி தீர்ந்து திட்டம் நின்றாலும் அந்தக் கடமை நிற்பதில்லை.

இந்தக் கட்டத்தில் நடக்கும் ஒரு சேதம் பின்னாளில்தான் தெரியவரும். வடிகட்டும் படுகைக்கு ஒதுக்கிய இடத்தில் கனரக இயந்திரங்களை ஓட்டினால் மண் இறுகிவிடும். மேலேயுள்ள நிலம் புல் பிடிக்கும் முன் படுகையை அமைத்தால் வண்டல் வந்து அடைத்துவிடும். அந்த இடத்தைத் தொடக்கத்திலேயே வேலி போட்டு மூடி, படுகையைக் கடைசியில் அமைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஏழாம் படி: கட்டி முடித்த பின்

ஊர் உங்களிடம் வாங்கி வைத்திருக்கும் பிணைத்தொகை எளிதில் திரும்பாது. குட்டையின் அடிமட்டம், வெளியேறு துளையின் விட்டம், குழாய்களின் உயரம் ஆகியவற்றை அளந்து, கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடத்தைப் பொறியாளர் முத்திரையுடன் தர வேண்டும். துளை 4 அங்குலம் என்று வரைந்துவிட்டு 6 அங்குலம் போட்டிருந்தால் குட்டை வெறும் அலங்காரமாகிவிடும். அளப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. மாநில அனுமதியை முடித்துக்கொள்ள, நிலம் நிலைபெற்றுவிட்டது என்று காட்டி முடிவறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும். புல் போர்வைக்கு வழக்கமான அளவுகோல், அப்பகுதியின் இயல்பான போர்வையில் 70 விழுக்காட்டை எட்டியிருப்பது. அந்த அறிவிப்பைத் தாக்கல் செய்யாத வரை, கட்டடத்தில் கடை திறந்திருந்தாலும் ஆய்வுக் கடமை உங்கள் தலையில்தான்.

பராமரிப்பு ஒப்பந்தம் நிலப் பத்திரத்தோடு பதிவு செய்யப்படும்; உரிமையாளர் மாறினாலும் அது நிலத்தோடு போகும். மனைப்பிரிவில் அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குப் போகும் என்றால், வண்டல் அள்ளும் செலவுக்காகச் சங்கத்தின் ஆண்டுக் கட்டணத்தில் முதலிலிருந்தே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கச் செய்யுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தச் செலவு மொத்தமாக வரும்போது சங்கத்திடம் பணம் இருப்பதில்லை. பல ஊர்கள் நீர் இறங்காப் பரப்பின்படி மழைநீர்க் கட்டணம் வசூலிக்கின்றன; நன்கு பராமரிக்கப்படும் அமைப்புகளுக்குச் சில ஊர்கள் அதில் கழிவு தருகின்றன, ஆனால் கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். விண்ணப்பத்தோடு ஆண்டு ஆய்வறிக்கைகளைக் கேட்பார்கள். எனவே கட்டி முடித்த நிலை வரைபடம், பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டறிக்கைகள் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கப்போவதும் அதே கோப்பைத்தான்.